எங்கள் ஊரைத் தாண்டாத வேன்

சித்தப்பா ஊர் ஊராகப் போய்த் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். சித்தியோடு குடித்தனமே வேனில்தான். கண்ணாடியில் தெரிகிற ஆளிடமே நீ யார் என்று கேட்கிற மனுஷர். மெக்கானிக்குகள் பார்ட்ஸை மாற்றிவிடுவார்கள் என்று ஒவ்வொரு போல்ட்டிலும் சித்தியின் நகப்பாலிஷால் பொட்டு வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் என்றால் இன்னும் மோசம். எங்கள் ஊரை நிற்காமலே கடக்கப் பார்ப்பார்.

ஆனால் ஊர் எல்லையில் பெட்ரோல் போட்டுத்தான் ஆக வேண்டும். பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இறங்கி நின்று முறைப்பார். திரும்ப ஏறினால் வேன் கிளம்பாது. ஒவ்வொரு தடவையும் இதே கதை. எங்கள் வாசல் வரை தள்ளிக்கொண்டு வருவார்கள்.

"எல்லாம் ஓசிச் சாப்பாட்டுக்கு உன் சித்தப்பா போடற நாடகம்" என்று அம்மா என் காதைக் கடிப்பாள்.

இந்த முறை மெக்கானிக் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஃப்யூஸ் எரியல சார். யாரோ கழட்டியிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ, போன ஊர்ல உங்க ஆளுதான். கழட்டுறதும் நீங்க, மாட்டுறதும் நீங்க."

"யாரையும் நம்ப முடியலங்க" என்றாள் சித்தி.

மதியம் முழுக்க அவள் அம்மாவின் மடியில் தலைவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது தலைவலி மாத்திரைக்காகக் கைப்பையைத் திறந்தாள். மாத்திரைக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் நாலைந்து ஃப்யூஸ்கள் கிடந்தன. நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள்.

அம்மா ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு சித்தப்பாவிடம் திரும்பினாள்.

"மெக்கானிக் எவனையும் நம்பாதீங்க தம்பி."