சனிக்கிழமையில் நின்ற கணினி

இன்று என்ன தேதி, மணி என்ன என்பதெல்லாம் கணினிக்குத் தெரியும். அதில் ஓடும் புரோகிராமுக்குத் தானாகத் தெரியாது, கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை எங்கே வைப்பது என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன்.

விழுப்புரத்தில் வீட்டிலிருந்தபடியே சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் கடைகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. திண்டிவனத்தில் ஒரு கிளினிக்குக்கு, நாய்க்கடி ஊசிச் சீட்டு அடிக்க ஒன்று எழுதினேன். பேரைத் தட்டினால், அடுத்த ஊசிக்கு வரவேண்டிய தேதி அச்சாகி வரும். முதல் ஊசிக்கு மூன்று நாள் கழித்து இரண்டாவது, அதற்கு நாலு நாள் கழித்து மூன்றாவது. அதுவரை நர்ஸ் விரல் விட்டு எண்ணி, வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். இனிமேல் அந்தத் தொல்லையே வேண்டாம், சீட்டைப் பார்த்து வரச் சொன்னால் போதும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

தேதி கேட்கும் வரியை நான் புரோகிராமின் ஆரம்பத்திலேயே வைத்திருந்தேன். திறந்தவுடன் ஒரு தடவை கேட்கும். மூடும்வரை அதே தேதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பல மாதம் இது யாருக்கும் தெரியவில்லை. காரணம், கரண்ட். நாளைக்கு ஒரு தடவையாவது போகும், கணினி அணையும், திரும்பத் திறக்கும்போது புதுத் தேதியைக் கேட்டுக்கொள்ளும். என் தப்பை மின்வெட்டு மூடிமறைத்துக்கொண்டிருந்தது. பிறகு டாக்டர் பெரிய பேட்டரி ஒன்றை வாங்கி வைத்தார். ஒரு சனிக்கிழமை காலை திறந்த கணினியை அதன்பின் யாரும் அணைக்கவில்லை.

வியாழக்கிழமை நர்ஸ் போன் செய்தார். அடுத்த ஊசிக்கு முந்தாநாள் தேதி வருகிறதாம். மூடித் திறக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. சின்ன விஷயம்தான் என்றேன். அவர் போனை வைக்கவில்லை. சனிக்கிழமைக்குப் பிறகு சீட்டு வாங்கிப் போனவர்களை என்ன செய்வது என்று கேட்டார்.

எல்லாருக்கும் போன் போட்டுச் சரியான தேதியைச் சொல்லிவிட்டார் நர்ஸ். ஒருத்தர் மட்டும் கிடைக்கவில்லை. கிளியனூர்ப் பக்கம் கூலிவேலை செய்யும் ஒரு அம்மா. கொடுத்த நம்பர் அணைந்து கிடந்தது. முதல் ஊசி செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டவர். புரோகிராம் சனிக்கிழமையிலிருந்தே மூன்று நாள் எண்ணியதால், சீட்டில் அடுத்த ஊசிக்கும் அதே செவ்வாய்க்கிழமைத் தேதிதான் இருக்கும். உண்மையில் மறுநாள், வெள்ளிக்கிழமை, அவருக்கு இரண்டாவது ஊசி போட்டாக வேண்டும். கடித்த நாயை அதன்பின் யாரும் பார்க்கவில்லையாம்.

உடனே பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் பாண்டி பஸ் மாறி, கிளியனூரில் இறங்கி விசாரித்தேன். நாய் கடித்த அம்மா என்றதும் வழி சொன்னார்கள். ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்.

நாளைக்கு ஊசிக்கு வரவேண்டும் என்றேன். அதுதான் முடிந்துவிட்டதே என்றார். சீட்டைப் படித்த மருமகள், செவ்வாய்க்கிழமைத் தேதிதான் போட்டிருக்கிறது என்று சொன்னாளாம். அன்றைக்குத்தான் ஊசி போட்டாயிற்றே, அதோடு சரி என்று இருந்துவிட்டார். சீட்டே தப்பு என்றேன். அவர் நம்பவில்லை.

"மிஷின் அடிச்சிக் குடுத்தது எப்டிம்மா தப்பா இருக்கும்? நீ யாரு, வேலை நேரத்துல வந்து பேஜாரு பண்ணிக்கினு?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. வேறு வழியில்லாமல், அந்த மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான், தப்பு என்னுடையது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ சொல்லிக் குடுத்ததா? அப்டின்னா தப்பாத்தான் இருக்கும்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த செடியை எடுத்து மண்ணை உதறினார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். அந்த வரியை இடம் மாற்றினேன்; இனி ஒவ்வொரு சீட்டுக்கும் புதிதாகத் தேதி கேட்கும். இரண்டு நிமிட வேலை. அப்புறம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. பயமாகத்தான் இருந்தது. வராவிட்டால் ஆட்டோ பிடித்துப் போய்க் கையோடு கூட்டிவருவது என்று இருந்தேன். பன்னிரண்டுக்கு மேல் வந்தார், கொல்லை மண் ஒட்டிய காலோடு.

ஊசி போட்டு முடிந்ததும் சீட்டு அச்சாகி வந்தது. தேதி சரியாக இருந்தது. மூன்று தடவை பார்த்தேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"அத்த நீயே வச்சிக்கோ. இன்னிக்கி இன்னா கெழம? வாயால சொல்லு, நான் எண்ணிக்கினு வர்றேன்."

வெள்ளி என்றார் நர்ஸ். அந்தம்மா கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்: சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சீட்டிலும் அதுதான் இருந்தது. அதை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.