ஜமீலா டீச்சர் அளந்த மைதானம்

மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டிருந்தபோது ஜமீலா டீச்சரின் மகள் கோரிப்பாளையத்திலிருந்து போனில் கூப்பிட்டார். "சார், அம்மா மௌத்தாயிட்டாங்க." டீச்சர் இறந்த செய்தி வந்தபோது, எந்த மைதானத்தை அவர் வெட்டிப் பிளந்தாரோ, அதன் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். அவர் சமூக அறிவியல், நான் விளையாட்டு ஆசிரியர். மழை பெய்தால் எனக்கு வேலை இல்லை; அவருக்கு அன்றுதான் வேலையே. அவரோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் உங்களுக்குத் தெரியும், மழையைக் காட்டிப் பாடம் நடத்துகிற அவசரத்தில் குடையை மடக்காமலே வகுப்புக்குள் போய்விடுவார்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் பருவநிலை மாற்றம் நடத்திக்கொண்டிருந்தார். முத்துச்செல்வி என்ற மாணவி எழுந்தாள். "டீச்சர், மாசக்கணக்குல பெய்ய வேண்டிய மழை ஒரே நாள்ல கொட்டுதுங்கிறீங்க. அம்புட்டுத் தண்ணியும் எங்க போகுது? எங்க கண்மாய் காஞ்சுதான கெடக்கு?" நானாக இருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேன். டீச்சர் மறுநாள் ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூபோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, அந்த டியூப். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையைப் பிள்ளைகள் அதை வைத்து வாரக்கணக்கில் அளந்தார்கள்.

ஓடை என் மைதானத்தில் வந்து முட்டி நின்றது. பள்ளமாகக் கிடந்த இடம்தானே என்று ஊர் டிராக்டர்களைக் கெஞ்சிக் கூத்தாடி மண்ணடித்து மேடாக்கியவன் நான். மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த இடம். "டியூப்ல காத்துக் குமிழி இருக்கும், திரும்பப் பாருங்க" என்றேன். பார்த்தார்கள். நானே ஒரு முனையைப் பிடித்தும் பார்த்தேன். மைதானம் ஓடையைவிட ஒன்றரை அடி உயரமாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் கிராம சபையில் அறிக்கை வாசிக்க இருந்தார்கள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "டீச்சர், மைதானம் ஓடைய மறிக்குதுங்கிற அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடலாமே?" அவர் கோபப்படவில்லை. "அளக்கச் சொல்றதும் நாம, அடிச்சுத் திருத்தச் சொல்றதும் நாமன்னா, பிள்ளைங்க எதைத்தான் சார் நம்புவாங்க?" என்றார்.

கிராம சபையில் முத்துச்செல்வி அந்த வரிக்கு வந்ததும் என்னைப் பார்த்துத் தயங்கினாள். நானே எழுந்து, "மண்ணடிச்சது நான்தான்" என்றேன். பின்னாலிருந்து ஒரு விவசாயி சிரித்தார். "நீங்க மம்பட்டியாலயா அடிச்சீங்க, சார்? எங்க டிராக்டருதான கொட்டுச்சு. அள்ளவும் நாங்களே வாரோம்." சொன்னபடி வந்தார்கள். மைதானத்தின் குறுக்கே ஓடை மறுபடி திறந்தது. என் ஓட்டப்பாதை பாதியானது. ஒரு வாரம் டீச்சரோடு நான் பேசவில்லை. அவர் தினமும் என் மேசையில் டீயை வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பார்க்காத காட்சி. பாயும் தண்ணீரில் பூத்தூவுவது ஊர் வழக்கம். பெரியவர்கள் பூத்தட்டை டீச்சரிடம் நீட்டினார்கள். "அளந்த பிள்ளைங்க போடட்டும்" என்று முத்துச்செல்வியிடம் திருப்பிவிட்டார். பூ விழுந்த நொடியில் என் கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கி, ஊதத் தெரியாமல் ஊதினார். அதைத் திருப்பித் தரவே இல்லை; அதன்பிறகு கண்மாய் நிறைந்து முத்துச்செல்வி பூத்தூவும்போதெல்லாம் அதைத்தான் ஊதினார். கேட்டால், "மைதானத்துல பாதிய எடுத்தாச்சு, விசில் என்ன பெரிசு?" என்பார்.

அடக்கத்தன்று ஊரே வேன் பிடித்துக் கோரிப்பாளையம் போனது. மகள் அந்த விசிலை என் கையில் கொடுத்தார். டியூப் என் அறையில், பந்துகளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் பிள்ளைகளோடு ஓடையை அளக்கப் போகிறேன். எந்த வரியையும் விடச் சொல்வதில்லை.

போன வாரம் கண்மாய் மறுபடி நிறைந்தது. கல்லூரியிலிருந்து ஓடிவந்திருந்த முத்துச்செல்வி பூவைத் தூவிவிட்டுப் பழக்கதோஷத்தில் டீச்சரின் விசிலுக்காகத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் நிற்கிற இடத்தில் நான் நின்றேன். அவருடைய விசிலை எடுத்து மூச்சு தீரும்வரை ஊதினேன்.