கிழக்கு கேலரியின் மேல் வரிசை

அரையிறுதிக்கு முந்தின நாள் அப்பா தாராபுரத்திலிருந்து பஸ் ஏறிக் கோயமுத்தூர் வந்தார். பந்தாட்டம் பார்க்கும் ஆசையில் வரவில்லை, என் தம்பியோடு வழக்குத் தீர்க்க வந்தார். தம்பி உக்கடம் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். ஒரு மில் அணி அவனைக் கூப்பிட்டிருந்தது, ஆட்டத்தோடு மில்லில் வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்த வாரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். அப்பாவுக்கு அது வேலையாகவே படவில்லை. "பந்தப் புடிக்கறதுக்கெல்லாம் சம்பளம் குடுப்பாங்களாக்கும்" என்றார். ஊருக்கு வந்து தோட்டத்தைப் பார் என்பது அவர் கட்சி.

தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். பம்ப் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் இருந்த எனக்கு இரண்டு பேர் மீதும் எரிச்சலாக வந்தது. அவன் ஆடி நீங்கள் ஒருநாளாவது பார்த்திருக்கிறீர்களா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அப்பா வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஒரு ஆட்டம் பாக்கறேன். பாத்துப்போட்டுச் சொல்றேன். அப்பறம் யாரும் மறுபேச்சுப் பேசப்படாது" என்றார்.

அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆக, தம்பியின் தலையெழுத்து மறுநாள் சாயங்கால ஆட்டத்தில் தொங்கியது.

தொண்ணூறுகளில் மார்கழி பிறந்தால் உக்கடத்தில் குளத்துக்குப் பக்கத்துக் காலி மைதானத்தில் டோர்னமென்ட் நடக்கும். தோற்றவர் வெளியே, ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்கு. பொழுது சாய்ந்ததும் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரு காற்று வரும் பாருங்கள், காதுமடல் கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். ஜனங்கள் மங்கி குல்லாவும் கம்பளியுமாக வந்து உட்கார்ந்து சுக்குக் காபி குடித்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பார்கள். மழையென்றாலும் பனியென்றாலும் டிக்கெட் நிற்காது. காலையில் கமிட்டித் தலைவரின் பழைய இரும்புக்கடையில் விற்பனை தொடங்கினால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். பைனல் டிக்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும், சட்டை கிழியும்.

தலைவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பெரிய உடம்பு, சின்னக் குரல். நான் கமிட்டியில் டிக்கெட் கவுண்டரைப் பார்த்துக்கொண்டேன். கேலரியெல்லாம் தற்காலிகக் கட்டுமானம்தான். சவுக்குக் கம்பங்களைத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி, மேலே பலகை போட்டுப் படிப்படியாக ஏற்றியிருப்பார்கள். சுற்றிலும் தென்னோலைத் தட்டி.

பாயிடம் ஒரு வழக்கம் இருந்தது. டிக்கெட் கிடைக்காமல் வாசலில் நிற்பவர்களை அவர் திருப்பி அனுப்பமாட்டார். கேலரிக்குப் பின்னால் நின்று, உட்கார்ந்திருப்பவர்களின் கால் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று உள்ளே விட்டுவிடுவார். போதாததற்கு அவர்களுக்கும் சுக்குக் காபி போகும். எனக்கு அது பிடிக்காது. காசு கொடுத்து உட்கார்ந்தவனும் சும்மா வந்தவனும் ஒன்றா என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன். "வந்தவங்கள வாசலோட அனுப்பறது நம்மூர்ல உண்டுங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

அப்பாவுக்கு நாற்காலி டிக்கெட்தான் எடுத்து வைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "மேல இருந்தாத்தான் காடு பூராவும் கண்ணுக்குத் தெரியும்" என்றார். மைதானமும் அவருக்குக் காடுதான். முழங்கால் வலியோடு ஒவ்வொரு பலகையாகப் பிடித்து ஏறி, கிழக்கு கேலரியில் மேல் வரிசைக் கடைசி மூலையில் போய் உட்கார்ந்தார். பழுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டார். கோல் கம்பத்தடியிலிருந்து தம்பிக்கு அந்தக் கம்பளி நன்றாகத் தெரியும். ஆட்டம் தொடங்குவதற்குள் அவன் அதை எத்தனை தடவை ஏறிட்டுப் பார்த்தான் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தம்பி இரண்டு நல்ல பந்துகளைத் தட்டிவிட்டிருந்தான். கேலரியில் குளிருக்கும் உற்சாகத்துக்குமாக ஜனங்கள் பலகையில் காலைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது சுக்குக் காபிக்காரர் கவுண்டருக்கு வந்து, என் காதோரம் குனிந்து, "ஏனுங்க, கேலரிக்குப் பொறவால ஒருக்கா வந்து பாத்துப்போட்டுப் போங்க" என்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

போனேன். டிக்கெட் கிடைக்காதவர்கள் பத்துப் பதினைந்து பேர் தட்டியிலிருந்து காய்ந்த ஓலையைப் பிடுங்கித் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். மேல் வரிசையைத் தாங்குகிற மூலைக் கம்பத்தை ஒட்டியே மூட்டியிருந்தார்கள். பெரிய தீ இல்லை, ஆனால் அது மூட்டி வெகுநேரம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்க, வாங்க, குளுருல நிக்கறீங்களே. கொஞ்சம் காஞ்சுக்குங்க."

கம்பத்தின் கட்டைப் பார்த்தேன். கயிறு கருகிப்போயிருந்தது. விரலால் தொட்டேன். இரண்டு புரி பொடியாக உதிர்ந்தது. மீதி எத்தனை புரி நிற்கிறதென்று பார்க்கக் குனிந்தால், உள்ளே ஒரு கங்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. மேலே ஐந்நூறு கால்கள் தட்டுகின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் கம்பம் முனகியது. பலகை இடுக்கில் அண்ணாந்து பார்த்தேன். நேர் மேலே அப்பாவின் செருப்பும் பழுப்புக் கம்பளியின் ஓரமும் தெரிந்தன. 

காபிக்காரர் பாய்லரிலிருந்த வெந்நீரை ஊற்றி அணைத்தார். நான் மண்ணள்ளிப் போட்டேன். காய்ந்துகொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஒருவர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், தான் பிடித்தால் நிற்கும் என்பதுபோல. யாரோ போய்ப் பாயைக் கூட்டிவந்தார்கள். பாய் கயிற்றைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"மைக்குல சொல்லி எறக்கிப்போடலாங்க பாய்" என்றேன்.

"கயிறு எரிஞ்சிருக்குன்னு சொன்னா அத்தன பேரும் ஒண்ணாக் குதிப்பாங்க தம்பி. இந்த ஒரு மூலையோட நிக்காது, மொத்த கேலரியும் போயிரும்."

"அப்ப என்னதாங்க பண்றது? எங்கப்பா மேல உக்காந்திருக்காருங்க."

பாய் என் முகத்தை ஒருகணம் பார்த்தார். அந்நேரம் விசில் ஊதியது. ஆட்டம் சமன். அடுத்து டைபிரேக்கர், அணிக்கு ஐந்து பெனால்டி அடி, அதுவும் கிழக்குப் பக்கக் கோலில், எங்கள் கேலரிக்கு நேர் முன்னால். நடுவில் சிறிது நேரம் இடைவெளி உண்டு. "சீல் எங்க?" என்று கேட்டார் பாய். டிக்கெட்டில் குத்துகிற ரப்பர் சீல் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

"போய் கேலரிக்கு முன்னால மேசை போட்டு உக்காருங்க. கை நடுங்காம குத்துங்க" என்று சொல்லிவிட்டு மைக்கை நோக்கி நடந்தார். அத்தனை பெரிய உடம்பு அன்று ஓடவில்லை. ஓடினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நடந்தே போனார்.

மைக்கில் அவர் குரல் வழக்கம்போல மெதுவாகவே வந்தது. கிழக்கு கேலரியில் உட்கார்ந்திருக்கும் பெரியோர்கள் கிழிச்ச டிக்கெட்டின் பாதியைக் கொண்டுவந்தால் சீல் குத்தித் தரப்படும். சீல் குத்தினவர்களுக்கு நாளைக்கு வரிசையில் நிற்காமலே பைனல் டிக்கெட். அதோடு டைபிரேக்கரைக் கோட்டு ஓரத்திலேயே ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து பார்க்கலாம். கீழ் வரிசை முதலில், பிறகு அடுத்தது. முந்திக்கொண்டு இறங்கினவர்களுக்கு சீல் இல்லை. குளிராக இருக்கிறது, கால் மரத்துப்போயிருக்கும், பார்த்து இறங்குங்க.

என்ன சொல்ல! மழைக்கும் பனிக்கும் அசையாத ஜனங்கள் எழுந்தார்கள். பைனல் டிக்கெட் என்றால் சும்மாவா. கீழ் வரிசை இறங்கியது, அடுத்த வரிசை "நீங்க போங்க, நீங்க போங்க" என்று காத்திருந்தது. அன்றுதான் எங்களூர் மரியாதை எனக்கு இரண்டு விதமாகவும் தெரிந்தது. தீ மூட்டினதும் அதுதான், இப்போது காப்பாற்றுவதும் அதுதான். ஒருத்தரும் தள்ளவில்லை. நான் குத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சீலுக்கும் ஒரு ஆள் மேலேயிருந்து குறைந்தான் என்று மனசு கணக்குப் போட்டது. தலை நிமிர்த்திப் பார்க்கவே பயமாக இருந்தது.

வரிசை தீர்ந்தது. நிமிர்ந்தேன். கேலரி காலியாக இருந்தது, மேல் மூலையில் ஒரு பழுப்புக் கம்பளியைத் தவிர.

பாய் எல்லாவற்றையும் யோசித்தார், இதை மட்டும் யோசிக்கவில்லை. பைனல் டிக்கெட் ஆசை காட்டினால் எந்த ரசிகனும் இறங்குவான். அப்பா ரசிகர் இல்லை. இடம் தாராளமாகிவிட்டதே என்று அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

டைபிரேக்கர் தொடங்கிவிட்டது. நான் கேலரியடிக்கு ஓடினேன்.

"அப்பா, எறங்குங்க."

"எனக்கெதுக்குக் கண்ணு பைனலு? நான் காலைல பஸ்சுக்குப் போறவன்."

"எறங்குங்கப்பா, தயவுபண்ணி."

"ஈரத்துல கீழ உக்காந்தா முழங்காலு புடிச்சுக்கும். இங்கயே நல்லாத் தெரியுது. அவன் பந்தப் புடிக்கறதப் பாத்துப்போட்டு வாரேன்."

விஷயத்தைச் சொன்னால் அவர் பதறி எழுவார், அந்தக் குலுக்கலுக்கே கட்டு விட்டுவிடும். எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் கூட்டம் கத்துகிறது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கூச்சல். எங்கள் ஐந்து அடியும் முடிந்து நான்கு கோல், அவர்களுக்கு நான்கு அடியிலேயே நான்கு. இனி ஒரே ஒரு அடிதான் மிச்சம், அதைத் தம்பி தடுக்கவேண்டும். நான் கீழ்ப் பலகையில் கால் வைத்தேன். கேலரி என் எடைக்கே முனகியது. பேசாமல் இரண்டு கையையும் உயர்த்திக் கும்பிட்டேன். அப்பாவை நான் அப்படிக் கும்பிட்டதே இல்லை.

அவர் முகம் மாறியது. ஏன் என்று கேட்கவில்லை. கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கிணற்றுப் படியில் இறங்குவதுபோல மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பலகையைப் பிடித்து, ஒவ்வொரு காலாகத் தேடி வைத்து இறங்கினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கோல் கம்பத்தடியில் தம்பி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ஆளில்லாத கேலரியையும் எழுந்து போகிற அப்பாவின் முதுகையும் பார்த்தான். அடிக்கிறவன் ஓடிவந்துவிட்டான். தம்பி திரும்பினான், பாய்ந்தான், ஒரு கை அளவு பிந்திவிட்டது. பந்து உள்ளே போனது. அந்தக் கூச்சலில் அப்பாவின் கால் என் கைக்கு வந்தது. தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

தோற்றுவிட்டோம். கூட்டம் கலைந்த பிறகு பாய் மூலைக் கம்பத்தை ஒரு கையால் தள்ளினார். கட்டு விட்டு, மேல் வரிசைப் பலகை இரண்டும் சரிந்து தொப்பென்று விழுந்தன. பாய் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே பொறவால யாரையும் உடமாட்டனுங்க" என்றார். அடுத்த வருடமும் விட்டார், ஆனால் காபிப் பாய்லரை அவர்களுக்கு நடுவிலேயே கொண்டுபோய் வைத்தார்.

தம்பி கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தான். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னிடம் பேசினான்.

"கடசிப் பந்தக்கூட உக்காந்து பாக்க முடியல அவருக்கு. சொல்லிப்போடு, நான் தோட்டத்துக்கே வாரேன்னு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சரிந்து கிடந்த கம்பத்தைக் காட்டினேன். அவன் கயிற்றைத் தொட்டான். கையுறை கரியாகிவிட்டது. பலகை விழுந்து கிடந்த இடத்தையும் அது முன்பு இருந்த உயரத்தையும் மாறிமாறிப் பார்த்தான். அப்புறம் திரும்பிவந்து அப்பாவின் தோளிலிருந்து நழுவியிருந்த கம்பளியை எடுத்து அவருக்குச் சரியாகப் போர்த்திவிட்டான். 

வீட்டுக்குப் போகிற வழியில் நான்தான் கேட்டேன். கேட்டுத் தொலைத்துவிடலாம் என்று தோன்றியது.

"ஆட்டம் பாத்தாச்சுங்க. என்னங்கப்பா சொல்றீங்க?"

அப்பா கொஞ்ச தூரம் நடந்தார்.

"கடசிப் பந்து நான் பாக்கல. பாக்காத ஆட்டத்துக்கு நாயம் சொல்லப்படாது" என்றார். "இன்னொரு ஆட்டம் பாத்துப்போட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அந்த மில்லுக்காரங்களுக்கு வாரேன்னு சொல்லி வெய்யி."

மறுநாள் சீல் குத்தின பாதி டிக்கெட்டோடு இரும்புக்கடைக்கு வந்தவர்கள் சொற்பம். நம்ம டீம் இல்லாத பைனலை யார் பார்ப்பது. பாய்க்கு அதில் பெரிய நிம்மதி.

அதற்கப்புறம் மார்கழிதோறும் அப்பா பஸ் ஏறி வந்தார். எத்தனையோ ஆட்டம் பார்த்தார், மேல் வரிசையில் உட்கார்ந்து, ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தம்பி கேட்பான், இப்பவாவது சொல்லுங்க என்று. "இன்னொண்ணு பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்பார். தம்பி கையுறையைக் கழற்றி வைக்கிற வரைக்கும் அப்பா சொல்லவேயில்லை.