பேர் வெட்டிய தட்டு

இரும்பைத் துருவேற்றுவதில் குற்றாலச் சாரலை மிஞ்ச எதுவுமில்லை என்று தென்காசி வட்டாரத்தில் நம்பப்படுகிறது. கனத்த மனத்துடன் மறுக்கிறேன். மனித உடம்பு மிஞ்சும். சாரல் ஆவணியோடு ஓய்ந்துவிடும். உடம்புக்குள் இருக்கும் உப்புத் தண்ணீர் ஓய்வதில்லை. ஒடிந்த எலும்பைப் பிணைக்க எந்த உலோகம் தாங்கும் என்று சோதிப்பது, அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிப் பட்டறையில் எனக்கு வேலை. சொன்னதை யாரும் கேட்காத வேலையில் நீங்களும் இருந்தால், நாம் பங்காளிகள்.

ஊறுகாய்

ஆராய்ச்சிக்கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜன்னலோரம் கண்ணாடி ஜாடிகள், உள்ளே உப்புத் தண்ணீர், அதில் உலோகத் துண்டுகள். எஃகு கீறல் பட்ட இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக அரித்தது. விமானத் தொழிற்சாலை நண்பர் அனுப்பிய டைட்டானியத் துண்டு போட்டது போட்டபடி மின்னியது. அதன் தாது நம் தெற்குக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. கப்பலேறிச் சீமைக்குப் போனால்தான் அதற்கு மரியாதை. என் ஜாடிகளை எட்டிப் பார்த்த நர்ஸ் எஸ்தர் கேட்டாள்: "அண்ணாச்சி, இதுக்கு மொளகாப்பொடி எப்பம் போடுவிய?"

பலகாரம்

சுத்த டைட்டானியம் கொஞ்சம் மென்மை. அலுமினியம் கலந்தால் உறுதி கூடும். ஆனால் காற்றுப் படாமல் உருக்க வேண்டும். அதற்கான உலை தென்காசியில் இல்லை, ஆஸ்பத்திரி முதலாளியான டாக்டரிடம் கேட்டும் கிடைக்கவில்லை. நண்பர் அனுப்பியதில் ஒரு தகட்டை வளைத்தாவது பார்ப்போம் என்று சுரண்டையில் ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனேன். நெருப்பில் சிவந்த தகடு காற்றைக் குடித்தது. சம்மட்டி விழுந்ததும் முறுக்காக நொறுங்கியது. கொல்லர் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தே பார்த்தார். "சார்வாள், இது இரும்புக்குச் சொந்தமே இல்ல. தீவாளிப் பலகாரம்."

ஜாடியில் மிச்சமிருந்த ஒரே துண்டை நெருப்பே காட்டாமல் அரத்தால் ராவி, துளை போட்டு, முழங்காலுக்குக் கீழே வைக்கும் தகடாக்கினேன்.

தட்டு

முத்தையா குற்றாலம் பேரருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பவர். வழுக்குப் பாறையில் வழுக்காமல் நிற்கும் கால்தான் அவருக்குச் சோறு போட்டது. அந்தக் கால் ஒடிந்தது. "உள்ள ஒரு ஸ்டீல் தட்டு வைக்கணும்" என்றார் டாக்டர். மறுநாள் முத்தையாவின் மனைவி பேச்சியம்மாள், வீட்டில் சோறு தின்னும் எவர்சில்வர் தட்டையே துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

எலும்புத் தட்டு வேறு என்று விளக்கிச் சிரித்து முடித்தபோது அடுத்தது வந்தது. "அப்பம் அதுல அவுக பேர வெட்டுங்க. பேர் வெட்டாத எவர்சில்வரு நம்ம வீட்டுல தங்காது." தன் வீட்டு டம்ளர்கூட பேரில்லாததால்தான் அடுத்த வீட்டில் இருக்கிறதாம். வெட்டாவிட்டால் ஆபரேஷன் தாளில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றார்.

எஃகில் கீறினால் அரிப்பு அங்கேதான் தொடங்கும் என்று டாக்டரிடம் ஜாடியோடு ஓடினேன். வெட்டியே ஆகவேண்டுமென்றால் என் டைட்டானியத்தில் வெட்டுங்கள் என்றேன். டாக்டர் பாத்திரக்கடை ஆளுக்குச் சொல்லியனுப்பினார். எஃகுத் தட்டிலேயே 'மு' என்று ஒரே எழுத்து. பிறகு என் பக்கம் திரும்பினார். "உம்ம ஜாடித் தகரத்துல கம்பெனி முத்திரையே இல்ல, வே. இது சீமைச் சரக்கு. ஓரெழுத்துக்கா செத்துரும்?"

மு

அடுத்த சாரலுக்கு முன்பே கால் வீங்கிச் சீழ் வைத்தது. திறந்தார்கள். தட்டு முழுவதும் பளபளத்தது, ஓரிடம் தவிர. அங்கே அரிப்பு அட்சர சுத்தமாக 'மு' என்று எழுதி, அந்த எழுத்தின் குறுக்கே தட்டை விரிசல் விட வைத்திருந்தது. நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் நோயாளியைப் பார்த்தார். "உப்பக் கொறச்சுச் சாப்பிடும்னு சொன்னேனே, கேட்டீரா அண்ணாச்சி?"

என் டைட்டானியத் தகட்டை டாக்டர் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார். அது இலேசான உலோகம், காகிதங்கள் பறந்தன. முத்தையாவின் எலும்பு வளைந்தே கூடியது. அந்தச் சாரலில் முத்தையா அருவிக்குப் போகும் வழியில் உட்கார்ந்து எண்ணெய் விற்றார். தேய்த்தது அவர் மைத்துனர்.