மாமியாருக்கு ஒரு கலர் படம்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில்தான் கேள்வி கேட்பார்கள். முதல் வாரம், எந்த கேமரா வாங்கலாம். அடுத்த வாரம், கேமராவோடு வந்த லென்ஸ் போதுமா. அதற்கடுத்த வாரம், ஆளுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் மங்கலாக்குவது எப்படி. அப்புறம், எடிட் செய்வது ஏமாற்று வேலையா என்று ஒரு பட்டிமன்றம் நடக்கும். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள்தான் நாங்கள். யாருக்கும் இது தொழில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் கோமுகி அணைக்கரையிலோ மலை அருவியிலோ கேமராவோடு நிற்போம். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. "கையில இருக்கிறத வெச்சி ஆயிரம் படம் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். கோவக்கார அக்கா என்று முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர் இருப்பது தெரியும்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் உடனே பதில் போடுவேன். ரா ஃபைலா, ஜேபெக்கா? ரா என்பது கேமரா பார்த்ததை எல்லாம் அப்படியே வைத்திருக்கும் பெரிய ஃபைல். ஜேபெக் என்பது கேமராவே சமைத்து இலையில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடும் சின்ன ஃபைல். போன வாரம் ஒருவர் இதைக் கேட்டார். "ராவில் எடுங்க, இல்லாட்டி மாமியார் ஆபரேஷனுக்கு வர மாட்டாங்க" என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. நான் வேடிக்கைக்கு எழுதவில்லை. அந்த மாமியார் இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்தில். நான் தினமும் டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரருக்குக் கரும்பு ஆலையில் ஷிஃப்ட் வேலை. வயலைப் பார்த்துக்கொள்வது மாமியார். உளுந்தூர்பேட்டையில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்து அலுத்துப்போய் டிபன் கடை வைத்துவிட்ட ஒருவரிடமிருந்துதான் என் கேமரா வந்தது. அதோடு ஒரே ஒரு லென்ஸ், ஐம்பது எம்.எம். அதில் ஜூம் கிடையாது. கிட்டே போக வேண்டுமென்றால் காலால் நடந்துதான் போக வேண்டும். நான் நடந்தேன். கரும்புப் பூ, வாய்க்கால், அணையின் மதகு, மழைக்கு அப்புறம் தெளிந்து நிற்கும் கல்வராயன் மலை, ஒன்றையும் விடவில்லை. வயலில் ஒரு கொக்கை நான் குனிந்து குனிந்து எடுப்பதைப் பார்த்து, கொக்குக்கே சலித்துப் போயிருக்கும் என்றார் மாமியார்.

அவர் அப்படித்தான், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே மாமனார் போய்விட்டார். காரியம் முடிந்த அன்று சொந்தக்காரப் பெண்கள் ஒரு வெள்ளைப் புடவையைக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தார்களாம். அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் தன்னுடைய மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனாராம். தெருவே ஒரு வருஷம் அதைப் பேசியது. அவர் இன்றுவரை கலர் புடவைதான். அதிலும் மாம்பழ மஞ்சள் என்றால் உயிர். கல்யாணமான புதிதிலேயே என் வீட்டுக்காரர் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தெரிந்திருந்தும் நான் அந்த வேலையைச் செய்தேன்.

மாமியாருக்குப் பித்தப்பையில் கல். எண்ணெய்ப் பலகாரம் தின்றால் வலியில் சுருண்டுவிடுவார். கல் நகர்ந்து குழாயை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வயிற்றில் கத்தி வைத்தால் திரும்பி வர மாட்டோம் என்று அவருக்கு ஒரு பயம். பயம் என்று வாயால் சொல்ல மாட்டார். நடவு முடியட்டும், வெட்டு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். நானும் வீட்டுக்காரரும் கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று முடிவானது.

அந்தச் சமயத்தில் எனக்குக் கருப்பு வெள்ளைப் பைத்தியம் பிடித்திருந்தது. நிறம் கண்ணை ஏமாற்றும், வெளிச்சத்தைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் கருப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, கேமராவிலேயே அப்படி மாற்றி வைத்திருந்தேன். மெமரி கார்டில் இடம் பத்தாது என்று ஜேபெக்கில் மட்டும். ஒரு காலையில் மாமியார் பின்வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டு வெளிச்சம், முகத்தில் பாதி நிழல், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். எடுத்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அது. குழுவில் போட்டபோது, யாரையும் பாராட்டாத ஆட்கள்கூடப் பாராட்டினார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி ஃபிரேம் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வயலுக்குப் போயிருந்த நேரத்தில் கூடத்தில் மாட்டினேன். மாமனார் படத்துக்குப் பக்கத்தில். அங்கேதான் ஓர் ஆணி சும்மா இருந்தது. மாமனார் படத்துக்குக் கீழே எரியும் சின்ன பல்பின் வெளிச்சம் இரண்டு படத்துக்கும் சேர்ந்து விழுந்தது, பார்க்க அழகாக இருக்கிறது என்று வேறு நினைத்தேன்.

கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மாதான் அதை முதலில் பார்த்தது. பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. அந்தம்மாவுக்குப் பின்னாலேயே மாமியார் மண்வெட்டியோடு உள்ளே வந்தார். பக்கத்து வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் சுவரைப் பார்த்தார். மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்தார். கால் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னா காரியம் பண்ணிக்கீற நீ" என்றார். அவர் அம்மாவிடம் பேசிவிட்டு வெளியே வந்து, வெள்ளிக்கிழமை வரமாட்டாங்களாம் என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு நல்ல படத்தைப் பார்க்கத் தெரியாத ஊர் என்று பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன். மறுநாள் காலையில் அடுப்படிக்கு வந்த மாமியார், தட்டை எடுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவரு போனப்ப ஊரே சேந்து வெள்ளப் பொடவ கட்டச் சொல்லிச்சி. நான் கட்டல. நீ கட்டி வுட்டுட்ட."

அப்போதுதான் அந்தப் படத்தை நான் சரியாகப் பார்த்தேன். அன்றைக்கு அவர் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள் புடவை. கருப்பு வெள்ளையில் மஞ்சள் வெள்ளையாகத்தான் விழும். வெள்ளைப் புடவையில் மாமியார், மாமனாருக்குப் பக்கத்தில், பல்பு வெளிச்சத்தில். மாலை மட்டும்தான் பாக்கி. அழுதேன். அத்தே, அதைக் கலராக்கிக் கொண்டுவருகிறேன் என்றேன்.

கம்ப்யூட்டரைத் திறந்தால் கலர் இல்லை. கேமரா அன்றைக்கே நிறத்தை எல்லாம் கொட்டிவிட்டிருந்தது. கருப்பு வெள்ளை ஜேபெக்கிலிருந்து நிறத்தை மீட்க முடியுமா என்று குழுவில் கேட்டேன். கோவக்கார அக்காவே கேள்வி கேட்கிறாரே என்று ஆச்சரியப்பட்டிருப்பார்கள், பதில் மட்டும் மரியாதையாகத்தான் வந்தது. முடியாது அக்கா, மேலே பெயின்ட் வேண்டுமானால் அடிக்கலாம். அடித்தேன். புடவைக்கு மஞ்சள், ரவிக்கைக்குப் பச்சை, முகத்துக்கு ஏதோ ஒன்று. கொண்டுபோய்க் காட்டினேன். மாமியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூத்துக்கு அரிதாரம் பூசின மாதிரி இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, வேறே எடுக்கலாம் அத்தே, நீங்கள் சொல்கிற இடத்தில், சொல்கிற மாதிரி என்றேன்.

மலைமேல் எடு என்றார். கல்யாணமான புதிதில் மாமனாரோடு ஒரே ஒரு தடவை மேலே போனதாம். தினமும் வயலில் நிமிர்ந்தால் தெரிகிற மலை, அதற்கப்புறம் போக நேரமே வாய்க்கவில்லை. ஆபரேஷனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் வெள்ளிமலை பஸ் ஏறினோம். அதே மஞ்சள் புடவை. வளைவுகளில் குமட்டாமல் இருக்க எலுமிச்சம்பழம் ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு என்று மாமியார் எடுத்து வந்தார்.

மேலே ஒரு வளைவுக்குப் பக்கத்தில் புல் மேடு. அவருக்குப் பின்னால், கிழக்கே, கச்சிராயபாளையத்துப் பக்கம் முழுக்கப் பச்சையாகக் கிடந்தது. ரா ஃபைலா என்று மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டேன். படத்தின் கட்டத்தை மூன்றாகப் பிரித்து ஆளை ஓர் ஓரக் கோட்டில் நிறுத்து, அடிவானம் தலையை வெட்டக் கூடாது, பின்னால் நிற்கும் கம்பம் தலையில் முளைத்த மாதிரி விழக் கூடாது. படித்த விதி ஒன்றையும் நான் மீறவில்லை. மாமியாரோ ரேஷன் கார்டுக்கு நிற்பது போல இரண்டு கையையும் விறைப்பாகத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். சிரியுங்கள் என்றால் பல்லை மட்டும் காட்டினார். இருபது முப்பது எடுத்திருப்பேன். எல்லாம் சரியாக இருந்தன, ஒன்றிலும் மாமியார் இல்லை.

சாயங்காலம் திரும்பும் பஸ் கீழே ஹாரன் அடித்தது. அதை விட்டால் வேறு பஸ் கிடையாது. நான் பையை மூடப்போகும்போது மாமியார் கிழக்கே கையை நீட்டி, அதோ நம்ம கரும்பு, பக்கத்தில் அந்தக் கொக்கு என்றார். இத்தனை தூரத்தில் கரும்பே தெரியாது, கொக்கு எங்கே தெரியப்போகிறது. என்னைக் கிண்டல் செய்துவிட்டு அவரே என் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தார். விதி எதையும் பார்க்காமல் ஒரு படம் தட்டினேன், இரண்டு பேரும் பஸ்ஸுக்கு ஓடினோம்.

வியாழக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன்னால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படங்களைக் காட்டினேன். சரியான படங்களை எல்லாம் அவர் போ போ என்று தள்ளிவிட்டார். கடைசிப் படம் வந்ததும் தள்ளச் சொல்லவில்லை. அடிவானம் சாய்ந்திருந்தது. ஆள் நட்டநடுவில். ஆனால் மஞ்சள் புடவை வெயிலில் தகதகவென்று இருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் இருந்தது. படத்தின் கீழ் ஓரத்திலிருந்து புல்மேல் நீளமாக ஒரு நிழல், இரண்டு முழங்கையும் விரிந்து, சடை தொங்க, அவர் கால்வரைக்கும் வந்திருந்தது.

அது இன்னா என்று கேட்டார். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது, அதனால் என் நிழல் உங்கள் கால்வரை வந்துவிட்டது, எடுக்கத் தெரியாதவர்கள் செய்கிற தப்பு, இதோ அழித்துவிடுகிறேன் என்று சொல்லி அழிக்கும் கருவியை எடுத்தேன். நிழலின் தலையும் ஒரு முழங்கையும் மறைந்து அங்கே புல் முளைத்தது. மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காத. தனியா நின்னாதான் அது செவுத்துல மாட்ற படம். இதுல நீ கூட நின்னுகினு கீற. உசுரோட கீது, அப்டியே வுடு."

அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். ராவில் எடுத்திருந்ததால் நிறத்தைக் கொஞ்சம் கூட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம், மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது என்றார். அப்புறம் எழுந்து போய் அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்த கருப்பு வெள்ளை ஃபிரேமை எடுத்தார். பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, பரணில் ஏற்றச் சொன்னார். தூக்கிப் போட வேண்டாமாம், படம் நல்லாத்தான் இருக்கிறதாம், வேண்டிய அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாமாம், அவசரமில்லையாம். நான் ஸ்டூலில் நின்று அதை ஏற்றும்போதே, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை எங்களோடு கிளம்பி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஆபரேஷன். பச்சை அங்கியில் அவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ரத்தம் வாங்க எழுதிக்கொடுத்த சீட்டோடு வீட்டுக்காரர் கீழே போயிருந்தார். தள்ளுவண்டியோடு நானும் நடந்தேன். இதற்கு மேல் வரக் கூடாது என்று நர்ஸ் கதவருகே என்னை நிறுத்தினார். மாமியார் தலையைத் திருப்பி, எங்கே நிற்பாய் என்று கேட்டார். இங்கேயேதான் அத்தே, இந்தக் கதவுக்கு நேரே என்றேன்.

"வெயில முதுகுக்கு வச்சினு நில்லு" என்றார்.

கதவு மூடிக்கொண்டது. அந்த வராந்தாவில் ஜன்னலே இல்லை, மேலே ஒரு டியூப் லைட் மட்டும்தான். அங்கே நின்று பார்த்தேன், இங்கே நின்று பார்த்தேன். கடைசியில் அந்த விளக்கு எனக்குப் பின்னால் வருகிற மாதிரி ஓர் இடம் கிடைத்தது. என் நிழல் கதவின் அடிவரை போனது. அவரை வெளியே கொண்டுவரும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.