மொபெட்டுக்கு முன்னால் ஓடியவன்

பல்லாவரத்தில் சைக்கிள் கடை போட்டேன். அதையே மொபெட் ரிப்பேர் பட்டறையாக்கினேன். வாடகைக்கு இருந்த வீட்டை விலைக்கு வாங்கி மாடி எழுப்பினேன். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இதையெல்லாம் செய்தேன் என்றால் சும்மா இல்லை. ஏரிக்கரையில் வேலிகாத்தான் முள்ளை வெட்டி, பட்டாளத்தில் சேர நினைத்த பையன்கள் ஓடிப் பழக மைதானம் அமைத்ததும் நான்தான். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்புக் குழாய் வாங்கி, தொங்கி எழக் கம்பி நட்டேன். அது எண்பதுகளின் கடைசி.

எல்லாம் என் மகனுக்காகத்தான். விடியலில் அவனை எழுப்புவதும் நான், ஷூ லேஸ் கட்டிவிடுவதும் நான். அவன் ஓடும்போது பின்னாலேயே மொபெட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு போவேன்.

"இன்னாடா, மாப்ள ஊர்வலமா போற? காலத் தூக்கு."

தோல் பட்டறையில் கூலி வேலை பார்த்த ஒருவனும் ஓட வருவான். "அண்ணா, உன் புள்ளைக்கு வண்டி கீது. எனக்கு இன்னா கீது?" என்பான்.

"நாய அவுத்து வுடறேன், ஓடு."

சிரிப்பான். யாராவது முடியாமல் உட்கார்ந்துவிட்டால் திரும்பிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவான். அதனாலேயே எப்போதும் என் மகனுக்குப் பின்னால்தான் முடிப்பான். பிழைக்கத் தெரியாதவன் என்று நினைத்தேன்.

இரண்டு பேருமே தேர்வானார்கள். ஒரே பயிற்சி முகாம். பயிற்சி பாதியில் இருக்கும்போதே என் மகன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"இன்னாடா ஆச்சு?"

"விசில் ஊதுனா ஓடுனேன்பா. காவலுக்குத் தனியா நிக்க வெச்சா, எதுக்கு நிக்கறேன்னே தெரில. தூங்கிட்டேன். மறுபடியும் மாட்டுனேன், அனுப்பிட்டாங்க."

"அவன்?"

"அவன் நல்லாக்கீறான். காலைல என்னை எழுப்புனதே அவன்தான்."

சில வருஷம் கழித்து அந்தத் தோல் பட்டறைப் பையன் சட்டைக் கையில் பதவிப் பட்டையோடு விடுப்பில் வந்தான். நான் உருவாக்கின ஆள் என்று தெரு முழுக்கச் சொன்னேன். பட்டறையில் ஸ்பானரோடு குனிந்திருந்த என் மகன் நிமிராமலே சொன்னான்:

"அவன் போனது உன்னாலன்னா, நான் வந்ததும் உன்னாலதானப்பா."

எப்படி ஓடுவது என்று நாள் தவறாமல் கத்தினேன். எதற்கு ஓடுகிறாய் என்று அவனை ஒருநாளும் கேட்டதில்லை.

பட்டாளத்துக்குப் போனவர்கள் சேர்ந்து இப்போது மைதானத்தில் கல்வெட்டு வைக்கப் போகிறார்களாம். அதில் மைதானம் அமைத்தவன் என்று என் பேர் முதலில் வர வேண்டும். அடுத்தது என் மகன் பேர். திரும்பி வந்தவன் என்றே போடட்டும். அவனை ஓட வைத்தவனும் நான்தான்.