சாம்பிராணியில் இறங்கிய பறக்கும் தட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் தியேட்டருக்கு ஒரு இங்கிலீஷ் படம் வந்தது. புகைக்கு நடுவே பறக்கும் தட்டு இறங்கும். வெள்ளி உடம்போடு ஒருவன் வெளியே வருவான். நானும் என் சேக்காளியும் கிறங்கிப்போனோம். எங்கள் தெரு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு இனி விஞ்ஞான நாடகம்தான் என்று முடிவு கட்டினோம். வருஷா வருஷம் அதே புராணம், அதே அட்டைக் கிரீடம். எனக்குப் பார்த்துப் பார்த்து எரிச்சல்.

கொடை நடத்தும் அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். “சாமி கதை இல்லாத நாடகமாலே? கூட்டம் பாதியில எந்திரிச்சிப் போச்சுன்னா அடுத்த கொடைக்கு ஒங்களுக்கு மேடை கெடையாது, பாத்துக்கோ.”

இரண்டு அண்டா மூடிகளை வாய்க்கு வாய் வைத்துக் கட்டி, மேடைக்கு மேலே மாட்டிய கிணற்றுக் கப்பியில் தொங்கவிட்டோம். தட்டு தயார். சேக்காளியின் பழைய சட்டை, பேண்டுக்கு அலுமினியப் பெயின்ட்; தலையில் கண்ணுக்கு ஓட்டை போட்ட தகர டின். டின்னுக்குள் பேசினால் வெளியே கேட்காது. அதனால் திரைக்குப் பின்னால் நான் மண்பானைக்குள் வாயை வைத்து வசனம் பேசுவதாக ஏற்பாடு.

புகைக்கு சினிமாக்காரர்கள் என்ன போட்டார்களோ, எங்களுக்குத் தெரிந்தது சாம்பிராணி. சட்டிச் சட்டியாகக் கங்கு வைத்து அள்ளிப் போட்டோம். தட்டு இறங்கும்போது சத்தம் வேண்டுமே என்று கொடைக்கு வந்த மேளக்காரரையும் அடிக்கச் சொல்லியிருந்தேன். கொடையில் சாம்பிராணியும் மேளமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என் விஞ்ஞான மூளைக்கு மட்டும் தோன்றவில்லை.

தட்டு இறங்கி, புகைக்குள்ளிருந்து சேக்காளி வந்து நின்றதுமே, முன்னால் உட்கார்ந்திருந்த சாமியாடிக்கு அருள் வந்துவிட்டது. மேடைக்குத் தாவி, தகர டின் முழுக்கத் திருநீறு பூசி, “வந்துட்டியா! வந்துட்டியா!” என்று சேக்காளியின் கையைப் பிடித்து ஆடினார். கூட்டம் மொத்தமும் எழுந்தது. மேடை போச்சு என்று நினைத்தேன். எழுந்தவர்கள் போகவில்லை, குலவை போட்டுக் கும்பிட்டார்கள்.

அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டின்னுக்கு முன் குனிந்தார். “சாமி, புஞ்சையெல்லாம் காயுது. மழை வருமா?”

அடுத்து நான் பேச வேண்டிய வசனம், ‘இந்தப் பூமியை அழிக்க வந்திருக்கிறேன்.’ சொல்லியிருந்தால் எங்கள் தோலை உரித்திருப்பார்கள். பயத்தில் பானைக்குள், “வரும்” என்றேன்.

பாவி மழை, மறுவாரமே கொட்டித் தீர்த்தது.

அடுத்த கொடைக்கும் மேடை எங்களுக்கே கிடைத்தது. என்ன நாடகம் போடலாம் என்று நான் ஆசையாகக் கேட்டேன்.

“வேற என்னலே? அந்தத் தட்டுச் சாமியத்தான் எறக்கணும்” என்றார் அண்ணாச்சி. “அம்மனுக்கு எடுக்கும்போதே அதுக்கும் ஒரு பட்டு எடுத்தாச்சி.”